பழைய காரில் மிர்ரர் எங்கே இருக்க வேண்டும்?

காரை ஓட்டுகிறவர் முன்னால் பார்த்து ஓட்டுகிறார். ஆனால் ஆபத்து முன்னால் மட்டும் இருப்பதில்லை. பின்னாலும் வருகிறது.

அதைக் காட்டுவதற்காகத்தான் காரின் முன்கண்ணாடிக்கு மேலே, நடுவில், ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. டிரைவர்கள் அதை "சென்டர் மிர்ரர்" என்பார்கள்.

புதுக் கார் வாங்குகிறவர் அதைப்பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அளந்து, பொருத்தித்தான் கம்பெனியிலிருந்து வருகிறது. பழைய கார் வைத்திருப்பவர் நிலை வேறு. மிர்ரரின் காம்பு உடைந்திருக்கும். ரசம் போயிருக்கும். கடையில் கிடைத்த ஏதோ ஒன்றை வாங்கி, ஒட்டுகிற இடத்தில் ஒட்டி, "ஏதோ தெரிகிறது" என்று ஓட்டிக்கொண்டிருப்பார்.

"ஏதோ தெரிகிறது" என்பது போதாது. எது தெரிய வேண்டும், எது தெரியாது என்று டிரைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துரைமார் கார் முதல் கல்யாணக் கார் வரை

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் கால் வைத்தது. வட ஆற்காடு பக்கத்திலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சுரங்கத்தில் இறங்கினார்கள். துரைமாருக்கு பங்களா, தொழிலாளிக்கு லைன் வீடு. மோட்டார் கார் என்பது அந்தக் காலத்தில் பங்களா வாசலில் நிற்கும் பொருள்.

1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1962-ல் மத்திய அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் கம்பெனி ஏற்பட்டது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு தங்கவயலுக்குப் பிழைப்பு பெங்களூர்தான் என்றாகிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் போய் வருகிறார்கள்.

ரயில் இல்லாத நேரத்துக்குக் கார் வேண்டும். கல்யாணத்துக்கு வேண்டும். அர்த்த ராத்திரியில் நோயாளியைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டும். அப்படிப்பட்ட வேலைகளைப் பல வருடங்கள் செய்தவை அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. பத்மினி அதற்கும் வெகு முன்பே நின்றுவிட்டது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

தாத்தா வாங்கிய வண்டி என்று இன்னும் துடைத்து வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரோடு மாறிவிட்டது. சென்னைக்குப் போடும் புதிய எக்ஸ்பிரஸ் சாலை ஹொஸ்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரை தங்கவயலுக்கு அருகிலேயே வருகிறது. அதில் புதுக் கார்கள் 100 கிலோமீட்டர் வேகத்தைச் சர்வசாதாரணமாகத் தொடுகின்றன.

பழைய கார் 60-ல் போகிறது, பின்னால் ஒன்று 100-ல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 40. அதாவது ஒவ்வொரு விநாடியும் அது 11 மீட்டர் நெருங்குகிறது. 110 மீட்டர் தூரத்தில் அதை மிர்ரரில் பார்த்துவிட்டால் டிரைவருக்கு 10 விநாடி கிடைக்கிறது. 30 மீட்டரில் பார்த்தால் 3 விநாடிகூட இல்லை.

மிர்ரர் வந்த கதை

முதலில் வந்த கார்களில் மிர்ரரே கிடையாது. டிரைவர் கழுத்தைத் திருப்பித்தான் பார்த்தார்.

இங்கிலாந்தில் டாரதி லெவிட் என்ற பெண்மணி அந்தக் காலத்திலேயே பந்தயக் கார் ஓட்டியவர். 1909-ல் பெண்களுக்காக ஒரு மோட்டார் புத்தகம் எழுதினார். காரில் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது அதைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் வருவதைப் பாருங்கள் என்று அதில் யோசனை சொன்னார்.

1911-ல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் என்ற ஊரில் 500 மைல் கார் பந்தயம் முதல்முறையாக நடந்தது. மற்றக் கார்களில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து, பின்னால் வருவதைப் பார்த்துச் சொன்னார். ரே ஹரூன் என்பவர் மட்டும் தனியாக ஓட்டினார். "பின்னால் பார்க்க ஆள் இல்லையே" என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். அவர் தம் காரில் ஒரு கண்ணாடியைச் சட்டம் போட்டு மாட்டினார். முன்பு சிகாகோ நகரத்தில் ஒரு குதிரை வண்டியில் அப்படிப் பார்த்த ஞாபகம்.

பந்தயத்தில் ஜெயித்தது ஹரூன்தான். ஆனால் செங்கல் பாவிய அந்தப் பாதையில் கண்ணாடி ஒரே குலுக்கலாகக் குலுங்கி, ஒன்றுமே தெரியவில்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். மிர்ரர் இருப்பது வேறு, அதில் தெரிவது வேறு என்பது முதல் நாளே நிரூபணமாகிவிட்டது.

எவ்வளவு பெரிய மிர்ரர்?

மிர்ரர் பெரிதாக இருந்தால் நிறையத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய காரில் இது பாதிதான் உண்மை.

சென்டர் மிர்ரர் ரோட்டை நேராகப் பார்ப்பதில்லை. காரின் பின்கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது. பழைய கார்களில் பின்கண்ணாடி சின்னது. அதைவிட அதிகமாக எந்த மிர்ரரும் காட்ட முடியாது. மிர்ரரைப் பெரிதாக்கினால் பின்சீட்டில் இருப்பவர்கள் முகம்தான் கூடுதலாகத் தெரியும்.

எவ்வளவு வேண்டும் என்று ஒரு டேப்பும் பென்சிலும் இருந்தால் கணக்குப் போட்டுவிடலாம்.

டிரைவரின் கண்ணிலிருந்து மிர்ரர் வரை 60 செ.மீ. மிர்ரரிலிருந்து பின்கண்ணாடி வரை 220 செ.மீ. இரண்டும் சேர்ந்து 280. பின்கண்ணாடியின் அகலம் 90 செ.மீ. என்றால், 90-ஐ 60-ஆல் பெருக்கி 280-ஆல் வகுக்க வேண்டும். 19 செ.மீ. சொச்சம் வருகிறது. மிர்ரர் கொஞ்சம் சாய்ந்திருப்பதால் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். பின்கண்ணாடியின் உயரம் 35 செ.மீ. என்றால் மிர்ரரின் உயரம் ஏழரை செ.மீ. இருந்தால் முழுதும் தெரியும்.

பின்கண்ணாடி 60 செ.மீ. அகலமே உள்ள இன்னும் பழைய வண்டிக்கு 14 செ.மீ. மிர்ரர் போதும். வாங்கப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போவது நல்லது.

இன்னொன்று. சென்டர் மிர்ரர் தட்டையான கண்ணாடியாக இருக்க வேண்டும். குவிந்த கண்ணாடி அதிக இடத்தைக் காட்டும் என்பது உண்மை. ஆனால் வருகிற லாரியைச் சின்னதாகவும் தூரத்தில் இருப்பது போலவும் காட்டும். பழகாத கண் ஏமாந்துபோகும்.

உயரம்தான் முக்கியம்

எங்கே வைப்பது? நடுவில் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எந்த உயரத்தில் என்பதில்தான் தவறு நடக்கிறது.

மிர்ரர் பின்னால் காட்டுகிறது. அதே சமயம் முன்னால் மறைக்கிறது. 20 செ.மீ. அகல மிர்ரர் கண்ணிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. அது கண் மட்டத்தில் இருந்தால் 15 மீட்டர் தள்ளி 5 மீட்டர் அகலத்தை மறைத்துவிடும். ஒரு முழுக் கார் அதற்குள் ஒளிந்துகொள்ளும். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் இடது பக்கத்துச் சந்திலிருந்து வரும் ஸ்கூட்டர் எம்மாத்திரம்!

ஆகவே மிர்ரரின் கீழ் விளிம்பு டிரைவரின் கண் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். குட்டையான ஆளுக்குச் சரியாக இருப்பது நெட்டையான ஆளுக்குக் கண்ணுக்கு நேராக வந்துவிடும். காரை யார் அதிகம் ஓட்டுகிறாரோ அவரை சீட்டில் உட்காரவைத்துத்தான் இடம் குறிக்க வேண்டும்.

சில பழைய கார்களில் முன்கண்ணாடி உயரமே குறைவு. மேலே வைக்க வழியில்லை என்றால் டாஷ்போர்டின் மேல் நிற்கும் மிர்ரர் உண்டு. அது கண் மட்டத்துக்கு முழுக்கக் கீழே இருக்கும். மேலே அல்லது கீழே. நடுவில் மட்டும் கூடாது. கீழே வைத்தால் பின்சீட்டில் இருப்பவர்களின் தலை குறுக்கே வரும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். மிர்ரர் நடுவில் இருக்கிறது. ஆகவே அது அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எவ்வளவு? கண் இருக்கும் கோணத்தில் பாதி. கண் 35 டிகிரி வலப்பக்கம் இருந்தால் மிர்ரரைச் சுமார் பதினேழரை டிகிரி திருப்பினால் போதும். மிர்ரரை ஒரு டிகிரி அசைத்தால் பார்வை இரண்டு டிகிரி நகரும். அதனால்தான் காம்பு கொஞ்சம் தளர்ந்தாலும் படம் எங்கோ போய்விடுகிறது.

எதில் மாட்டுவது?

பழைய கார்களில் பல வழி இருந்தது. அம்பாசடர் போன்ற வண்டிகளில் கூரையின் முன்விளிம்பில், இரண்டு வெயில் தடுப்புப் பலகைகளுக்கும் நடுவில், ஸ்குரு போட்டு மாட்டுவார்கள். எம்.ஜி. என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரின் ஒரு வகையில் முன்கண்ணாடியின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு கம்பி போகும். மிர்ரர் அதைக் கவ்விக்கொண்டிருக்கும். ஸ்குருவைத் தளர்த்தி மேலும் கீழும் நகர்த்திக்கொள்ளலாம். ஆளுக்குத் தக்கபடி உயரம் மாற்ற அதைவிட நல்ல வழி இல்லை.

வண்டியில் பழைய ஸ்குரு துளைகள் இருந்தால் அவற்றையே உபயோகிப்பது உத்தமம். முன்கண்ணாடியில் ஒட்டுவது அடுத்தபடிதான்.

கண்ணாடியில் துளை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. பழைய கார்களில் பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி இருக்கும். டிரில் பட்டவுடன் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பழைய மாடலுக்கு மறு கண்ணாடி கிடைப்பது குதிரைக் கொம்பு.

50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை "விண்டேஜ்" என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசாங்கம் விதி கொண்டுவந்தது. வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்த எண்ணம் உள்ளவர்கள் புதுத் துளை எதுவும் போடாமல், எடுத்துவிடக்கூடிய விதத்தில் மாட்டுவதே நல்லது.

ஒட்டும் முறை

முதலில் 20 செ.மீ.க்கு ஏழரை செ.மீ. அளவில் ஒரு அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். டிரைவர் தம் வழக்கமான நிலையில், முதுகு சீட்டில் படும்படி உட்காரட்டும். இன்னொருவர் அட்டையை முன்கண்ணாடியில் வைத்து மேலும் கீழும் நகர்த்தட்டும். முன்னால் ரோடு மறையாத இடம் கிடைத்ததும் மிர்ரரையே பிடித்துப் பாருங்கள். தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் திருப்பினால் பின்கண்ணாடி முழுதும் தெரிய வேண்டும். வெயில் தடுப்புப் பலகை இடிக்காமல் இறங்குகிறதா என்றும் பாருங்கள். பிறகு கண்ணாடியின் வெளிப்புறத்தில் பென்சிலால் அடையாளம் போடுங்கள். வெளியே போட்டால்தான் உள்ளே துடைக்கும்போது அழியாது.

ஒட்டுகிற இடத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைக்க வேண்டும். தங்கவயலில் இது மிகவும் அவசியம். காற்றடித்தால் சயனைடு மேடுகளிலிருந்து கிளம்பும் மெல்லிய தூசி எங்கும் படிகிறது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் விரலால் தடவினால் மாவு போல ஒட்டும். தூசியின் மேல் ஒட்டினால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கண்ணாடியைப் பிடிக்காது.

மிர்ரரைத் தாங்கும் சிறிய உலோக வில்லையை எமரி தாளில் லேசாகத் தேய்த்து, அதையும் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். இதற்கென்றே விற்கும் மிர்ரர் பசைதான் சரி. சாதாரண உடனடிப் பசை வெயில் சூட்டில் விறைத்து விட்டுவிடும். சிலிக்கான் பசை ரப்பர் மாதிரி இருப்பதால் மிர்ரர் ஆடும். எபாக்சி பசை கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் உலோகமும் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. அதனால் கண்ணாடியையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடலாம்.

காரை நிழலில் நிறுத்தி ஒட்ட வேண்டும். ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் மிர்ரரை மாட்டலாம். அவசரப்பட்டு அன்றே மாட்டினால் மிர்ரரின் கனமே வில்லையை இழுத்துவிடும்.

குலுங்கினால் என்ன செய்வது?

சுரங்கத்தில் பாறை வெடித்த காலத்தில் தங்கவயலில் மேலே வீடுகளும் ஆடின. சுவரில் மாட்டிய கண்ணாடி அதிர்ந்தால் முகம் எப்படிக் கலங்கும் என்று பழைய ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காரிலும் அதே கதைதான்.

காம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆட்டம். குட்டைக் காம்பு உள்ள மிர்ரராக வாங்குங்கள். மூட்டில் உள்ள ஸ்குரு கையால் திருப்பும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். அப்படியும் ஆடினால் குற்றம் மிர்ரரில் இல்லாமலும் இருக்கலாம். என்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் நைந்து போயிருந்தால் வண்டி நிற்கும்போதே மிர்ரர் நடுங்கும். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியது அதைத்தான்.

மிர்ரரில் எலுமிச்சம்பழம், ஜெபமாலை, 786 எழுதிய வில்லை என்று எதையாவது தொங்கவிடுவது நம்மவர் வழக்கம். பக்தியில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கனமும் ஆட்டமும் மிர்ரருக்குத்தான் கேடு. டாஷ்போர்டில் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

ராத்திரியில் பின்னால் வரும் லாரியின் விளக்கு கண்ணைக் கூசவைக்கும். அதற்கு இரவு-பகல் மிர்ரர் வாங்கலாம். கீழே ஒரு சிறிய நெம்பு இருக்கும். அதன் கண்ணாடி ஆப்பு போல ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்திருக்கும். நெம்பைத் தள்ளினால் பின்புறத்து ரசம் கூரையைக் காட்டும். கண்ணாடியின் முன்பக்கம் மட்டும் நூற்றுக்கு 4 பங்கு வெளிச்சத்தைக் கண்ணுக்கு அனுப்பும். வண்டி வருவது தெரியும், கண் கூசாது.

மிர்ரர் காட்டாதது

எவ்வளவு சரியாக வைத்தாலும் சென்டர் மிர்ரர் காட்டாத இடம் ஒன்று உண்டு. அதுதான் வண்டிக்கு நேர் பின்னால், தரையை ஒட்டிய இடம்.

மிர்ரர் தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பின்கண்ணாடியின் கீழ் விளிம்பு 95 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. டிக்கி ஒரு மீட்டர் நீளம். இந்த அளவில் கணக்குப் போட்டால் பம்பருக்குப் பின்னால் சுமார் 6 மீட்டர் வரை தரையே தெரியாது. உட்கார்ந்து மண்ணில் விளையாடும் குழந்தையின் தலை அரை மீட்டர் உயரம்தான் இருக்கும். பம்பரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருந்தால் அந்தத் தலை மிர்ரரில் வராது.

லைன் வீடுகளில் வாசலே விளையாட்டு மைதானம். குறுகிய சந்தில் காரைத் திருப்ப இடமில்லாமல் பின்னாலேயே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் மிர்ரரை மட்டும் நம்புவது பெரும் தவறு. வெளிநாடுகளிலும் இதே கவலைதான். அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் பின்பக்கக் கேமரா கட்டாயமாயிற்று. பழைய காருக்கும் கேமரா வைக்கலாம். வைக்காதவர்கள் ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். கூட ஆள் இருந்தால் பின்னால் நின்று சொல்லச் சொல்ல வேண்டும்.

சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் ஓட்டியவர் கூண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே போகும் ஆட்களை, எதிரே இருந்த முள்ளையும் மணிச் சத்தத்தையும் நம்பித்தான் இறக்கி ஏற்றினார். முள் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது அவர் வேலையின் முதல் பாடம். முள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதும் அவருக்குத் தெரியும்.

மிர்ரரும் அப்படிப்பட்ட கருவிதான். கே.ஏ. 08 நம்பர் போட்ட பழைய வண்டி வைத்திருப்பவர்கள், ஆர்.சி. புதுப்பிக்கிற சமயம் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். பின்கண்ணாடி முழுதும் மிர்ரரில் தெரிகிறதா, முன்னால் ரோடு மறையாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அட்டையையும் டேப்பையும் எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.